இருபது வளைவும் ஏறியாச்சு, போதாதா? – சைக்கிள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்ளோகிராஸ் பற்றியவை. புதியவர்களுக்காகச் சுருக்கமாக: புல், சேறு, மணல், படி, பலகைத் தடை எல்லாம் கலந்த சின்னச் சுற்றுப்பாதையில், முடிந்த இடத்தில் ஓட்டியும் முடியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியும் போகிற பந்தயம் இது. சர்வதேச அமைப்பான யூசிஐ விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கி.மீ. வரை. டயர் அகலம் 33 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. உயர்நிலை (எலைட்) பிரிவில் ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம், பெண்களுக்கு அதைவிடப் பத்து நிமிடம் குறைவு.

கேள்வி: ஞாயிறு தவறாமல் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறுகிறேன். டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் நண்பர்கள் சைக்ளோகிராஸ் நடத்துகிறார்கள். குட்டை குட்டையாகச் செங்குத்து ஏற்றங்கள். என் பயிற்சி போதுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

போதாது. உங்களுக்கு நெஞ்சில் தெம்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மலைப்பாதையில் நீங்கள் செய்வது ஒரே மூச்சில், ஒரே வேகத்தில் நீளும் வேலை. தோட்டப் பாதை கேட்பது வேறு: 15 நொடி முழு பலம், 10 நொடி இறக்கம், ஒரு கூர்மையான திருப்பம், மறுபடி 30 நொடி முழு பலம். ஒரு மணி நேரத்தில் இப்படி நூறு முறைக்கு மேல் வேகம் செத்து வேகம் பிறக்கும். சீராக மட்டும் ஏறிப் பழகிய கால், மூன்றாவது சுற்றிலேயே இந்த வெட்டு வேகத்துக்குத் திணறும்.

பத்து வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பயணம் தொடரட்டும், ஒரு மாற்றத்தோடு. ஒவ்வொரு வளைவையும் விட்டு வெளியே வரும்போது சீட்டிலிருந்து எழுந்து 15 நொடி முழு வேகம் கொடுங்கள். பிறகு பழைய வேகத்துக்கே திரும்புங்கள், நிறுத்த வேண்டாம். மலை முடியும்போது இருபது முறை ஆகியிருக்கும். வளைவுக்குள் இதைச் செய்யாதீர்கள்; மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும். விடியுமுன் கிளம்பினால் முன் விளக்கு கட்டாயம். காட்டு மாடுகள் ரோட்டில் நிற்பது அந்த நேரத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை சமதளத்தில் 40 நொடி கடினம், 20 நொடி இலகு, இப்படி எட்டு முறை. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு தொகுதி. ஐந்தாவது வாரத்திலிருந்து மூன்று தொகுதி. எட்டாவது முறையின் வேகம் முதல் முறையைவிட வெகுவாகக் குறைந்தால் அன்று அதோடு நிறுத்திவிடுங்கள்.

வியாழக்கிழமை ஓட்டம். ஏரிக்கரைச் சரிவு ஒன்று போதும், 25 மீட்டர் நீளம். நூறு மீட்டர் வேகமாக ஓட்டி வந்து, இறங்கி, சைக்கிளோடு மேலே ஓடி, ஏறி உட்கார்ந்து இன்னும் நூறு மீட்டர். எட்டு முறை. கோயில் படிக்கட்டு நல்ல இடம்தான், ஆனால் ஷூ காலோடு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சும்மா விடமாட்டார். சைக்கிள் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு முதலில் மக்கர் செய்வது கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிட மெதுவோட்டம் மட்டும், பிறகுதான் சரிவு. கடைசிப் பத்து நாளில் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று: சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சுமார் 14% குறைவு. நடந்தால் தெரியாது. தொடக்கத்தில் முழு பலத்தையும் கொட்டியவருக்கு முதல் சுற்று முடியும்போது தெரியும், கீழே மீளும் வேகத்தில் மூச்சு மேலே மீளாது.

கேள்வி: என்னுடையது கரடுமுரடான பாதைக்கான கிராவல் சைக்கிள். முன்னால் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), 40 பல். பின்னால் 11 முதல் 32 பல் வரை, பதினோரு கியர். 18% ஏற்றத்தில் நின்றுவிடுகிறேன். எதை மாற்றுவது?
– ஓமலூர் வாசகர்

முதலில் கணக்கு. முன்னால் 40, பின்னால் 32 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.25 சுற்று. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 9.5 கி.மீ. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 18% மேட்டில் அந்த வேகத்துக்கு எடையைத் தூக்கவே 365 வாட் வேண்டும். சேற்றின் இழுவை தனி. பெரும்பாலோருக்கு இது ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. பின்னால் 42 பல் போட்டால் அதே மிதிப்புக்கு 7.2 கி.மீ., சுமார் 280 வாட். இது நடக்கிற காரியம்.

கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வரிசையில் 810 என்ற எண்ணுள்ளது 34 பல் வரைதான். 42-க்கு 812 வேண்டும். பழைய செயினின் நீளமும் பத்தாது. நீளம் பார்க்காமல் பெரிய பல்லுக்குத் தள்ளினால் செயின் விறைத்து டிரெய்லியரையோ அதைத் தாங்கும் ஹேங்கரையோ முறித்துவிடும். எம்டிபிக்கான (மலை சைக்கிள்) 11-42 கேசட்டைப் பதினோரு கியர் ரோடு சைக்கிளின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) மாட்டும்போது 1.85 மி.மீ. ஸ்பேசர், அதாவது இடைவெளி நிரப்பும் வளையம், வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பூட்டு வளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடும்.

செலவு கட்டுப்படியாகவில்லையா? செயின்ரிங்கை 36 ஆக்குங்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான பலன் கிடைக்கும்: 8.5 கி.மீ., 330 வாட். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி குறையும். முன்னால் 36, பின்னால் 11 என்ற கியரில் வேகம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், நிமிடத்துக்கு 90 மிதிப்பில் அது மணிக்கு 37 கி.மீ. காப்பித் தோட்டத்துக்குள் அதற்கு மேல் எங்கே போகப்போகிறீர்கள்?

எந்தக் கியர் இருந்தாலும் வேகம் மணிக்கு 6 கி.மீ.க்குக் கீழே வந்தால் இறங்கி ஓடுங்கள். அதே வேகத்தில் ஓட முடியும், பின்சக்கரம் வழுக்காது. மேலும், டிரெய்லியரில் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் கிளட்ச் லீவர் இருந்தால் ‘ஆன்’ பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது ‘ஆஃப்’ செய்து அப்படியே மறந்துவிடுவது வழக்கம். வேர்களில் குலுங்கும்போது செயின் கழன்று விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: டயருக்கு எவ்வளவு காற்று? சேலத்தில் அடித்துக்கொண்டு மேலே போனால் காற்று கூடிவிடும் என்கிறார்களே?
– கன்னங்குறிச்சி வாசகி

கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு. 1,200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றை அளக்கும் கேஜ் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 22 டிகிரி என்றால் டயருக்குள் உள்ள காற்று குளிர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். காலை 15 டிகிரிக் குளிராக இருந்தால் குறைவுதான் ஜெயிக்கும். அதனால் மேலே போய்ப் பந்தயத்துக்கு அரை மணி முன்பு, எப்போதும் பயன்படுத்தும் அதே கேஜில் பாருங்கள். இரண்டு பம்புகளின் முள் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சாதாரணம்.

33 மி.மீ. ட்யூப்லெஸ் டயர், உங்கள் எடை 60 கிலோ என்றால் முன்னால் 23, பின்னால் 25 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 2 கூட்டுங்கள். ஐரோப்பாவின் புல்வெளிப் பந்தயங்களில் இதைவிடக் குறைத்து ஓட்டுவார்கள். சேர்வராயன் மலையில் செம்மண்ணுக்கு அடியில் கல் காத்திருக்கிறது, ரிம் அடிபடும். ட்யூப் போட்ட டயர் என்றால் 7 பிஎஸ்ஐ கூடுதல் வேண்டும், இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸில் காற்று மிகக் குறைந்தால் பக்கச் சரிவில் டயர் ஓரம் ரிம்மை விட்டு விலகி ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்றை விடும். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த முறை 2 கூட்டுங்கள்.

ட்யூப்லெஸில் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவமான சீலண்ட், ஒரு டயருக்கு 60 மி.லி. சேலம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வால்வின் உள்பகுதியைக் கழற்றி மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள். நனையாவிட்டால் ஊற்றவேண்டிய நேரம்.

கேள்வி: இறங்கி ஓடி மறுபடி ஏறும்போதுதான் எல்லோரும் என்னை முந்துகிறார்கள். சரியான முறை என்ன?
– ஏற்காடு வாசகர்

இறங்குவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். ஓட்டம் முடிந்து ஏறியதும் எந்தக் கியர் தேவையோ அதை இப்போதே போடுங்கள். பெடல் நின்றபின் கியர் மாறாது.

தடைக்கு ஐந்தாறு மீட்டர் முன்பு வலது காலை விடுவித்து, சீட்டுக்குப் பின்பக்கமாகச் சுழற்றி இடது பக்கம் கொண்டுவந்து இடது காலுக்குப் பின்னால் வையுங்கள். உடல் முழுதும் இடது பெடலில் நிற்கும். வலது கை மேல் குழாயைப் பிடிக்கட்டும், இடது கை ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும். கடைசி நொடியில் இடது கிளீட்டை (ஷூவைப் பெடலோடு பூட்டும் கொக்கி) விடுவித்து, வலது காலைத் தரையில் ஊன்றி ஓட ஆரம்பியுங்கள். புதியவர்கள் இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் குதிக்கிறார்கள். ஓட்டம் அங்கேயே செத்துவிடும்.

அந்தச் சமயத்தில் கையில் இருப்பது இடது லீவர் ஒன்றுதான். அது எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். முன்சக்கரம் என்றால் பதற்றத்தில் அழுத்தும்போது சைக்கிள் பின்பக்கம் தூக்கி உங்களைச் சாய்க்கும். இடதைப் பின் பிரேக்காக மாற்றிக்கொள்வது நல்லது, ஆனால் பந்தயத்துக்கு ஒரு மாதமாவது முன்பு. கை பழக வேண்டும்.

பலகைத் தடை 40 செ.மீ.க்கு மேல் இருக்காது. அதற்குத் தோளில் போடத் தேவையில்லை, மேல் குழாயைப் பிடித்து முழங்கால் உயரம் தூக்கினால் போதும். நீண்ட மேட்டுக்குத்தான் தோள். வலது கையை மேல் குழாய்க்கு அடியில் விட்டுக் கீழ்க்குழாயைப் பிடித்துத் தூக்கி, முன் முக்கோணத்துக்குள் தோளை நுழையுங்கள். பிறகு அதே கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் கொண்டுபோய் ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடியுங்கள். முன்சக்கரம் ஆடாது, இடது கை வீசி ஓட மிச்சமாகும். பாட்டில் தாங்கியை முன்னமே கழற்றிவிடுங்கள். விலா எலும்பில் அதுதான் இடிக்கும்.

ஏறும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில். இடது காலால் உந்தி, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் படுமாறு இறங்கிச் சறுக்கி உட்காருங்கள். நேராகக் குதித்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஆண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது காலில் இரண்டு மூன்று முறை நொண்டியடித்துவிட்டு ஏறுவதுதான் நீங்கள் நேரத்தை இழக்கும் இடம். புல்தரையில், நடக்கும் வேகத்தில், வாரம் இருமுறை இருபது நிமிடம் பழகுங்கள். வேகத்தை மூன்றாவது வாரம் கூட்டலாம்.

கேள்வி: டிஸ்க் பிரேக் மழையில் கத்துகிறது, பிடிப்பும் குறைகிறது.
– ஆத்தூர் வாசகர்

பிடிப்பு குறைகிறது என்றால் ரெசின் பேடாக (பிசின் கலந்த பிரேக் கட்டை) இருக்கலாம். ஈரச் செம்மண் அதை அரம்போல அராவிவிடும்; மோசமான சேற்றில் ஒரே பந்தயத்தில் தேய்ந்துபோவதும் உண்டு. மெட்டல் பேட் அதிகம் தாங்கும். ஆனால் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக்கூடாது, டிஸ்க்கே தேய்ந்துவிடும். புது பேட் போட்டதும் 20, 25 கி.மீ. வேகத்திலிருந்து இருபது முறை, சக்கரம் பூட்டாமல், நிற்கும் தறுவாய் வரை பிடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நேராகப் பந்தயத்துக்குப் போனால் கத்தும்.

பந்தயம் முடிந்து சைக்கிளிலேயே சேலம் இறங்குபவர்கள் கிளம்பும் முன் பேடைப் பாருங்கள். அரை மி.மீ. கூட மிச்சமில்லை என்றால் வேனில் ஏற்றிவிடுங்கள்.

தோட்டத்துக்குள் சில்வர் ஓக் சருகு மெத்தை போலத் தெரியும். அடியில் வேரும் கல்லும் இருக்கும். வேகத்தைச் சருகுக்கு முன்பே குறைத்துவிட்டு, அதன் மேல் முன் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

கேள்வி: எம்டிபியில் கலந்துகொள்ளலாமா?
– மேட்டூர் வாசகர்

யூசிஐ பந்தயத்தில் முடியாது. உள்ளூர்ப் போட்டியில் நடத்துபவர் அனுமதித்தால் தாராளமாக. முன் சஸ்பென்ஷனைப் பூட்டிவிடுங்கள், ஹேண்டில்பார் முனையில் கொம்பு இருந்தால் கழற்றுங்கள். எடையால் தோளில் தூக்கும் இடத்தில் நஷ்டம், இறக்கத்தில் லாபம்.

கேள்வி: காலை 9 மணிக்குப் பந்தயம். என்ன சாப்பிடுவது?
– சூரமங்கலம் வாசகி

6 மணிக்கு ஐந்தாறு இட்லி, ஒரு வாழைப்பழம். மாவுச்சத்து ஏறக்குறைய 100 கிராம் வந்துவிடும். நெய்ப் பொங்கலும் வடையும் வேண்டாம், கொழுப்பு வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு தொடக்கம் வரை உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் அரை லிட்டர், சிறுகச் சிறுக. ஒரு மணி நேரப் பந்தயத்தில் நடுவில் சாப்பிடத் தேவையில்லை. தட்டுவடை செட் முடிந்த பிறகு, எத்தனை வேண்டுமானாலும்.

கேள்வி: சேறு அடைத்துப் போன வருடம் ஹேங்கர் முறிந்தது. தடுக்க வழி உண்டா?
– வாழப்பாடி வாசகர்

ஐரோப்பாவில் பந்தயத்துக்கு நடுவிலேயே சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள். ஒன்று ஓடும்போது இன்னொன்றை உதவியாளர் கழுவுவார். ஒரே சைக்கிள் வைத்திருப்பவர் கீழ்க்குழாயின் அடியிலும் ஃபோர்க்கின் உள்பக்கத்திலும் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசலாம், சேறு ஒட்டுவது குறையும். டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் போச்சு, ஆகவே சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பூசுங்கள்.

ஹேங்கர் முறிவது சேற்றால் மட்டும் அல்ல, அடைத்த பிறகும் அழுத்தி மிதிப்பதால். பெடல் திடீரென்று இறுகினால் உடனே மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, டிரெய்லியரின் குட்டிப் பல்சக்கரங்களில் சிக்கிய புல்லை விரலால் இழுத்து எடுங்கள். பத்து நொடி போகும். உங்கள் ஃபிரேமுக்குரிய உதிரி ஹேங்கர் ஒன்றை வாங்கி வையுங்கள். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், பந்தயத்தன்று யாரிடமும் கடன் கிடைக்காது.

முடிந்ததும் வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) பக்கம் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அழுத்தம் சேற்று நீரைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். செயினைத் துடைத்து அன்றே எண்ணெய் விடுங்கள்.