மச்சானின் முப்பது ஆடும் இரண்டு வட்டிக் கடனும்

கேள்வி: தாராபுரம் பக்கம் எட்டு ஏக்கர் கொரங்காடும் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு) 35 மேச்சேரி இனச் செம்மறித் தாயாடுகளும் இருக்கின்றன. முன்பெல்லாம் தீவனமே வாங்கியதில்லை. குட்டி ஒன்று 5,500 வீதம் 25 குட்டி விற்று, செலவு போக வருஷம் 1.2 லட்சம் கையில் நிற்கும். இரண்டு வருஷமாகத் தீவனம் வாங்கியே ஒன்றரை லட்சம் கடன், இரண்டு வட்டிக்கு. மழை வரும்வரை என்று மனைவியின் அண்ணன் விட்டுப்போன 30 ஆடுகளும் எங்கள் காட்டில்தான் மேய்கின்றன. ஆறு லட்சம் கடன் வாங்கி, ஆடுகளை அடைத்து வளர்க்கப் பரண் கொட்டகை போடலாமா, இல்லை வீடியோக்களில் காட்டுவது போல மின்வேலி போட்டுச் சுழற்சி மேய்ச்சலுக்கு மாறலாமா?

பதில்: மச்சானின் ஆடுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 3,000, வருஷம் 36,000. ஆறேழு குட்டி வட்டிக்காரருக்கென்றே பிறக்கிறது. தீவனத்தைப் பாருங்கள். 65 ஆடு, தலைக்குக் கால் கிலோ, ஐந்து மாதம்: சுமார் 2,400 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 72,000. இதில் 33,000 மச்சான் ஆடுகள் தின்றது. மீதியையும் அவர் பேரில்தான் எழுதுவேன். அவை வருவதற்கு முன் உங்கள் 35 ஆடும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் உதிர்ந்த வெள்வேலங்காயையும் தின்றே கோடையைக் கடந்தவைதானே?

நாளைக் காலை காட்டுக்குள் போய் ஒரு புல் தூரைக் குனிந்து பாருங்கள். நாலு விரல் உயரமாவது தாள் நின்றால் மழைக்குத் தூர் மறுபடி வெடிக்கும். மண்ணோடு மண்ணாகக் கரம்பியிருந்தால், இல்லை ஆடு இழுத்த இழுப்பில் வேரோடு வந்திருந்தால், நீங்கள் வட்டியான புல்லைத் தாண்டி அசலான தூரையே தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பெரியவர்கள் முள்ளுக்கிளுவை வேலி வைத்துக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தது அழகுக்கல்ல. ஒன்றில் மேயும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். வீடியோவில் வருகிற சுழற்சி மேய்ச்சலும் இதுதான், பெயர்தான் புதுசு. வேலி ஏற்கெனவே இருக்கிறது, மின்வேலிக்குக் காசு எதற்கு? 65 ஆட்டை வைத்துக்கொண்டு எந்தத் துண்டுக்கும் ஓய்வு தர முடியாது, சிக்கல் அங்கேதான்.

பரண் பேச்சை இதோடு விடுங்கள். ஆறு லட்சம், 12 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் தவணை மாதம் 13,300க்கு மேல்; வருஷத்துக்கு 1.6 லட்சம். உங்கள் நல்ல வருஷத்து மிச்சமே 1.2 லட்சம்தான். அப்புறம் தினமும் தீவனம் அறுத்துப் போட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு 2012ல் அதை இழந்தவர்களுக்கும் காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது.

சரி, கடன். பல் விழுந்த தாயாடுகளையும் கிடாய்க்குட்டிகளையும் விற்று அசலில் ஒரு பகுதியைக் கட்டுங்கள். பெட்டைக்குட்டிகளில் மட்டும் கை வைக்காதீர்கள். மீதிக்கு நகையை வங்கியில் வையுங்கள். பத்து சதவீதம் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சத்துக்கு 15,000தான், 36,000 இல்லை. இந்தக் கோடைக்குக் கொஞ்சம் தீவனம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். கால்நடை வளர்ப்புக்கும் அது உண்டு. 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், நாள் தவறாமல் கட்டினால் 4. பழைய கடனை அடைக்க என்று சொல்லிவிடாதீர்கள், தர மாட்டார்கள்.

நகை உங்கள் மனைவியுடையதாகத்தான் இருக்கும். அதைக் கேட்கிற அன்றே அவருடைய அண்ணன் விஷயத்தையும் பேசிவிடுங்கள். முதல் கோடை மழைக்கு முன் 30 ஆடும் வெளியேற வேண்டும். மேய்ச்சல் கூலி தருகிறேன் என்று அவர் சொன்னாலும் இந்த வருஷம் வேண்டாம். பக்கத்தில் கொரங்காடு குத்தகைக்குக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளட்டும். முறை கெட்டுவிடுமே என்று தயக்கமாக இருந்தால் ஆடிக்கு நல்ல கிடாய் ஒன்றைச் சும்மாவே கொடுத்து அனுப்புங்கள். முப்பதை ஒரு கோடைக்கு வைத்துத் தீனி போடுவதைவிட அது மலிவு.