திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் இணையம் சீராகக் கிடைக்க என்ன செய்யலாம்?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வீடு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வாங்கியும் இரவானால் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கைப்பேசியில் பேச முற்றத்துக்கு வர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வீரவநல்லூர்ப் பக்கம் ஒன்பது வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். இணையம் நின்றால் என் கடையும் நிற்கும். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

வேகத்தைவிட அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். என் மையத்தின் முழு வேலைக்கும் 10 எம்பிபிஎஸ் தாராளம். பீடி சுற்றியே ரேகை தேய்ந்துபோன ஆச்சி ஒருவர், விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து ரேகைக் கருவியில் வைப்பார். ஐந்தாவது முறை கருவி ஏற்கும் நேரத்தில் இணைப்பு போய்விட்டால், "நாளைக்கு வாருங்கள் ஆச்சி" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் குற்றம் வீட்டுக்குள்ளா வெளியேயா என்று பாருங்கள். ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராகக் கணினியில் செருகி, காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளந்து ஒரு வாரம் எழுதி வையுங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் சிக்கல் வீட்டில்தான். வைஃபை இரண்டு அலைகளில் வரும்: நம் பழைய வீட்டுச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது, பின்னறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் சரி. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேபிளிலேயே இரவில் மட்டும் குறைகிறது என்றால், இணைப்பு கொடுத்தவர் ஊருக்குப் போதுமான கொள்ளளவைத் தனக்கு இணையம் தரும் பெரிய நிறுவனத்திடம் வாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரே ஃபைபர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிவதும் வழக்கம். நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வாரக் கணக்கோடு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, எங்கே எந்தக் கைப்பேசிச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை கைப்பேசி நிறுவனங்கள் இணையத்தில் போட வேண்டும். சிம் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

கைப்பேசிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் துளைக்கும். 2300, 3500 அப்படியல்ல. வீட்டுக்குள் 5ஜி வந்து வந்து போனால் 4ஜியில் வைத்துவிட்டு, வைஃபை அழைப்பை (டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசும் வசதி) இயக்குங்கள். கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது குற்றம், டவரையே குழப்பி ஊர் முழுக்கச் சிக்னலைக் கெடுக்கும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் மின்சாரம் போனது. பேட்டரி தீர்ந்ததும் டவர்களும் ஓய்ந்தன. வெள்ளம் வடிந்த பிறகு, கன்னடியன் கால்வாய்க் கரையில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு தம்பி அறுந்த ஃபைபரைச் சேர்த்தார். மேலுறையை உரித்து, முடியளவு கண்ணாடி இழையை ஆல்கஹாலால் துடைத்து, நுனியை நேராக வெட்டி இயந்திரத்தில் வைத்தார். சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் எதிரெதிரே வந்து நின்றன. ஒரு பொறி, அவ்வளவுதான், ஒன்றாகிவிட்டன. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொன்றாக முடிக்க நள்ளிரவாகிவிட்டது. அவருக்கு டீ வாங்கிக்கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளம் எப்போதாவது வருவது. எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஃபைபரை அறுப்பது, குழாய் பதிக்க வரும் ஜேசிபி. தோண்டுமுன் தகவல் கொடுக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே வெளியிட்டது. எங்கள் பக்கம் வந்த ஒப்பந்ததாரர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதனால் கிராம சபையில் பேசினோம்: தெருவைத் தோண்டுபவர் முதல்நாளே சொல்ல வேண்டும், ஊருக்கு வரும் இரண்டு ஃபைபரும் ஒரே வழியில் வரக் கூடாது, ஒன்று அறுந்தாலும் மற்றது ஓட வேண்டும். இரண்டாவது இன்னும் நடக்கவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலாவது நடந்தது. அதன் பிறகு இரண்டு முறை தோண்டினார்கள். இரண்டு முறையும் முதல்நாள் மாலையே கேபிள்காரருக்குப் போன் வந்தது.