அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 0.32: பயப்பட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. வழுக்கி விழுந்ததால் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘வென்ட்ரிக்கிள்கள் சற்றுப் பெரிதாக உள்ளன, எவன்ஸ் இண்டெக்ஸ் 0.32’ என்று ரிப்போர்ட் வந்தது. 70 வயது அம்மாவுக்குப் போன வருடம் எடுத்த ஸ்கேனில் 0.28தான். அப்பாவுக்குத் தலையில் நீர் கோத்துவிட்டதா? ஆபரேஷன் தேவையா? தண்ணீர் குறைவாகக் குடித்தால் சரியாகுமா?

பதில்: தண்ணீரைக் குறைக்க வேண்டாம், அதனால் ஒரு பயனும் இல்லை. நம் ஊரில் ‘தலையில் நீர் கோத்திருக்கிறது’ என்றால் பெரும்பாலும் சைனஸ் தொல்லையைச் சொல்வார்கள். ஆவி பிடிப்பார்கள். ரிப்போர்ட் பேசுவது வேறு நீர், மூளைத் தண்டுவடத் திரவம். மூளைக்குள் இருக்கும் அறைகளில்தான் (அவையே வென்ட்ரிக்கிள்கள்) அது பெரும்பாலும் சுரக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரந்தாலும், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய 150 மில்லிதான். மீதி ரத்தத்தில் கலந்துவிடும்.

இது வாய்க்கால் நீர்போல ஒரே பக்கம் ஓடுவதில்லை. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முன்னே போய்ப் பின்னே வரும், மூச்சுக்கும் அசையும். வயதாக ஆக ரத்தக்குழாய்கள் விறைத்துப்போவதால் துடிப்பின் அடி மூளைக்குள் கூடுதலாக இறங்குகிறது. மூளையும் கொஞ்சம் சுருங்கும், காலியான இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். அதனால் எழுபதைத் தாண்டியவரின் அறைகள் முப்பது வயதுக்காரருடையதைவிடப் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

எவன்ஸ் இண்டெக்ஸ் என்பது முன்பக்க அறைகளின் அதிகபட்ச அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்து வரும் எண். 1942-இல், மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த காலத்தில் வந்த அளவு இது. 0.3-க்கு மேல் போனால் ‘பெரிது’ என்று இன்றும் எழுதுகிறோம். ஆனால் எந்தக் குறையும் இல்லாத முதியவர்கள் பலருக்கே இந்த எண் 0.3-ஐத் தாண்டும். அதே வயதுப் பெண்களைவிட ஆண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே அம்மாவின் 0.28-ஐ அப்பாவின் 0.32-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எண்ணை விடுங்கள், அப்பாவின் நடையைப் பாருங்கள். 1965-இல் கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீமும் அவருடைய சகாக்களும் விவரித்த ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ்’ (அழுத்தம் பெரிதாக ஏறாமலே நீர் தேங்கி அறைகள் பெரிதாவது) என்ற நோய் பெரும்பாலும் அறுபதுக்கு மேல், ஆண் பெண் இருபாலருக்கும் வரும். அதில் முதலில் கெடுவது அநேகமாக நடைதான். பாதம் தரையில் காந்தம்போல ஒட்டிக்கொள்ளும். காலை அகட்டி, சின்னச் சின்ன எட்டு வைப்பார்கள், திரும்பும்போது தடுமாறுவார்கள். அப்புறம் சிறுநீரை அடக்க முடியாமை, யோசனையில் மந்தம். மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் இது சிகிச்சையால் சீராக வாய்ப்புள்ள நோய்.

அப்பா நடந்து, திரும்பி வருவதை மொபைலில் வீடியோ எடுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களையும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உச்சந்தலைப் பக்கம் மூளை மடிப்புகள் நெருக்கிக்கொண்டிருக்கின்றனவா (இந்த நோயின் அடையாளம்), வயதால் வரும் வெறும் சுருக்கமா என்பதை அவர் படத்தில்தான் பார்ப்பார். பார்க்கின்சன், கழுத்து எலும்புத் தேய்மானம், சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு இவையும் நடையைக் கெடுக்கும். சந்தேகம் வலுத்தால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீர் எடுத்து, நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால்தான் பெரும்பாலும் ‘ஷன்ட்’ (கூடுதல் நீரை மூளையிலிருந்து பெரும்பாலும் வயிற்றுக்குள் வடியவிடும் குழாய்) வைக்கும் பேச்சே வரும். நடை நன்றாக இருந்தால், ஓர் எண்ணுக்காக ஆபரேஷன் கிடையாது.

வீட்டில் இளம் பெண்கள் இருந்தால் அவர்களுக்கு வேறொரு சேதி. இதே திரவத்தின் அழுத்தம் மட்டும் ஏறும் ஒரு நோய் பெரும்பாலும் உடல் பருமனுள்ள, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வருகிறது. அங்கே அறைகள் பெரிதாவதில்லை. தலைவலி, காதுக்குள் நாடித்துடிப்பு, குனிந்தால் சில விநாடி பார்வை இருட்டுவது இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வையே போய்விடக்கூடும்.

அப்பா விழுந்திருக்கிறார் என்பதால் இன்னொன்று. முதியவர்களுக்கு அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் சேரலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து அதிகம். தலைவலி கூடினாலோ, தூங்கி வழிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ பழைய ஸ்கேனை நம்பி இருக்க வேண்டாம். அன்றே அழைத்துப் போங்கள்.