கழிச்சல் கன்றுக்கு ஜென்டாமைசினும் மெலாக்சிகாமும் சேர்த்துப் போடலாமா?

20 நாள் கன்று, இரண்டு நாளாகத் தண்ணீராகக் கழிச்சல், நேற்று ஜென்டாமைசினும் (கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) மெலாக்சிகாமும் (வலி, வீக்கம் குறைக்கும் மருந்து) போட்டபின் சிறுநீர் குறைந்துவிட்டது என்கிறீர்கள். இன்று இரண்டையுமே திரும்பப் போடாதீர்கள்.

ஜென்டாமைசின் சிறுநீரகத்தில் தேங்கி அதன் செல்களைக் கெடுக்கும். மெலாக்சிகாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நல்ல கன்று தாங்கிவிடும். நீர் வற்றிய கன்றுக்கு இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. மெலாக்சிகாம் மாட்டின் உடம்பில் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதுவும் ஒரே தடவை என்பதுதான் கணக்கு.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு 2 விநாடிக்கு மேல் அப்படியே நின்றாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ உடனே மருத்துவரை வரவழையுங்கள், நரம்பில் குளுக்கோஸ், சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். கன்று எழுந்து பால் குடிக்கிற நிலையில் இருந்தால் ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். (பாலை நிறுத்தச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.)

அப்புறம், வருகிறவரிடம் நேற்றைய மருந்துக் குப்பிகளைக் காட்டுங்கள். தெரியாமல் டெக்சாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டுவிட்டால் மெலாக்சிகாமோடு சேர்ந்து வயிற்றில் புண் வரலாம்.