கீழே விழுந்த காம்பாக்ட் கேமரா: கேள்வி பதில்

சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராக்களைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்தவன் என்ற முறையில், கை தவறி விழுந்த கேமராக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மேசையிலிருந்து கல் தரையில் விழுந்த என் கேமராவின் லென்ஸ் பாதி வெளியே வந்தபடி நின்றுவிட்டது. ஆன் செய்தால் கரகரவென்று சத்தம் வருகிறது. லென்ஸ் கோளாறு என்று திரையில் காட்டிவிட்டுத் தானாகவே அணைந்துவிடுகிறது. பத்து முறை முயன்றுவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: பதினோராவது முறை முயலாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் லென்ஸ், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சில குழாய்களால் ஆனது. வெளிக்குழாயின் உட்புறத்தில் சாய்வான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். உட்குழாயில் இருக்கும் சிறு முளைகள், பெரும்பாலும் மூன்று, அந்தப் பள்ளங்களில் ஓடுவதால்தான் குழாய் சுழலும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர்கிறது. நீட்டிய நிலையில் லென்ஸ் தரையில் மோதினால் ஒரு முளை பள்ளத்தைவிட்டுத் தாண்டிவிடும். மற்ற இரண்டும் இடத்திலேயே இருப்பதால் குழாய் சாய்ந்து இறுகிக்கொள்ளும். இதைச் சுழற்றும் மோட்டார் விரல் நுனி அளவே இருக்கும். அதன் சுழற்சி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் வழியாகவே குழாய்க்குப் போய்ச் சேர்கிறது. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதை ஓர் ஒளி உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் எதிர்பார்த்த எண்ணிக்கை வராவிட்டால் கேமரா மின்சாரத்தை நிறுத்திவிட்டு நீங்கள் பார்த்த அறிவிப்பைக் காட்டும். ஆகவே அந்த அறிவிப்பு மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக வருவது. நீங்கள் மறுபடி மறுபடி ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும், அசையாத குழாயோடு பற்சக்கரங்கள் முட்டி மோதுகின்றன.

ஒருமுறை என் மேசைக்கு வந்த கேமராவில் ஒரே ஒரு முளைதான் விலகியிருந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் அதன் உரிமையாளர் ஒரு வாரமாக விடாமல் முயன்றிருந்தார். திறந்து பார்த்தால், வெள்ளைப் பற்சக்கரம் ஒன்றில் ஐந்தாறு பற்கள் மழுங்கி, அதன் தூள் மாவு போல உள்ளே சிதறிக் கிடந்தது. முழு லென்ஸையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நல்ல வெளிச்சத்தில் கேமராவை நேர் முன்னாலிருந்து பாருங்கள். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றிருக்கிறதா? சாய்ந்திருந்தால் கேமராவைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். இனி அது பழுதுபார்ப்பவரின் வேலை. சாய்வே இல்லை என்றால் மட்டும், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ஒரே ஒரு முறை ஆன் செய்து பார்க்கலாம். பேட்டரியில் தெம்பு இல்லாமல் பாதியில் நின்ற லென்ஸ்களும் உண்டு.

கேள்வி: குழாயைக் கையால் அழுத்தினால் "க்ளிக்" என்ற சத்தத்தோடு சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: சில சமயம் சரியாகும். ஆனால் அந்த "க்ளிக்", முளை பள்ளத்துக்குத் திரும்பிய சத்தமாகவும் இருக்கலாம், இன்னொரு முளை உடைந்த சத்தமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பழுதுபார்ப்பவர் கைவிரித்து, கேமரா போனாலும் பரவாயில்லை என்று நீங்களும் முடிவு செய்த பிறகு மட்டுமே அதில் இறங்குங்கள்.

கேள்வி: விழுந்த உடனே முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: லென்ஸ் நேராக இருந்தால் வழக்கம்போல அணைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி கோணியிருந்தால் அணைக்கும் பொத்தானைத் தொடாமல் நேரே பேட்டரியைக் கழற்றுங்கள். பொத்தானை அழுத்தினால் கோணிய குழாயை உள்ளே இழுக்க மோட்டார் முயலும். பிறகு மெமரி கார்டை எடுத்து, அதிலுள்ள படங்களை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள், அதற்குள் கேமராவோடு கார்டும் யாரிடமோ போயிருக்கும். பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி நசுங்கியோ உப்பியோ இருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

கேள்வி: இதே கேமரா கம்பளத்தின் மேல் மூன்று முறை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதே உயரத்திலிருந்து கல் தரையில் ஒரே முறை விழுந்ததும் பாழாகிவிட்டது. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

பதில்: ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கல்லானாலும் கம்பளமானாலும் இந்த வேகம் ஒன்றுதான். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பளமும் அதன் அடியிலுள்ள மெத்தையும் ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக்கொடுத்தால், கேமரா தன் எடையைப் போல் சராசரியாக 100 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். கல் அமுங்காது, கேமராவின் உடல் ஒரு மில்லிமீட்டர் வளைந்து நின்றால் அந்த விசை 1000 மடங்காகிறது. 200 கிராம் கேமராவின் மேல் ஒரு கணம் 200 கிலோ ஏறி இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுமை கேமராவின் மூலையில் இறங்கினால் பள்ளம் மட்டும் விழும், நீட்டிய லென்ஸ் குழாயில் இறங்கினால் முதல் கேள்வியில் பார்த்த நிலைதான்.

கேள்வி: விழுந்த பிறகும் எல்லாம் இயங்குகிறது. ஆனால் படங்களின் வலப்பக்கம் மட்டும் மங்கலாக இருப்பதாகத் தோன்றுகிறது. என் கண்ணின் மயக்கமா, கேமராவின் குறையா?

பதில்: இதைச் சோதிக்க ஒரு செய்தித்தாளும் சுவரும் போதும். தாளின் இரு பக்கங்களை விரித்துச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியிலோ புத்தக அடுக்கின் மேலோ சுவருக்கு இணையாக வைத்து, ஜூம் இல்லாத அகன்ற கோணத்தில், கை படாதபடி டைமர் வைத்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் கணினியில் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். இரண்டு படங்களிலும் செய்தித்தாளின் அதே பக்கம் மங்கியிருந்தால், நீங்கள் கேமராவை இணையாக வைக்கவில்லை என்று பொருள். தலைகீழாகத் திருப்பியதும் மங்கல் தாளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டால் குறை லென்ஸில்தான். ஜூமை முழுதாக நீட்டி இன்னொரு சுற்றும் பாருங்கள், ஏனென்றால் சில கேமராக்களில் ஒரு முனையில் மட்டுமே குறை தெரியும்.

உள்ளிருக்கும் கண்ணாடிகளில் ஏதோ ஒன்று, முடி அளவுக்குச் சாய்ந்தாலும் இப்படி ஆகும். கை நடுக்கத்தை ஈடுகட்டுவதற்காகக் காந்தமும் கம்பிச்சுருளும் தாங்கி நிற்கும் கண்ணாடி இதற்கு எளிதில் ஆளாகிறது. வீட்டில் செய்யத்தக்க மருந்து இல்லை. அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற உங்கள் கேமரா இடம் கொடுத்தால் அதைக் குறிக்கும் எஃப் எண்ணைக் கூட்டி எடுங்கள்; மங்கல் ஓரளவு குறையும். நடுவில் ஒரு முகத்தை வைத்து எடுப்பவருக்கு இந்தக் குறை வாழ்நாள் முழுதும் தெரியாமலே போகலாம், ஆவணங்களைப் படம் எடுப்பவருக்கோ அன்றே தெரிந்துவிடும்.

கேள்வி: குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆடும் சத்தம் கேட்கிறது. ஏதோ கழன்றுவிட்டதா?

பதில்: அணைத்த நிலையில் மட்டும் சத்தம் வந்து, ஆன் செய்ததும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். மேலே சொன்ன நடுக்கத் தடுப்புக் கண்ணாடி, மின்சாரம் இல்லாதபோது சில மாடல்களில் தளர்ந்து ஆடும். விழுவதற்கு முன்பும் ஆடியிருக்கும். நீங்கள் குலுக்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆன் செய்த பிறகும் திருகாணி உருளுவது போலக் கேட்டால் காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: திரை விரிசல் விட்டு, மை கொட்டியது போலக் கறுப்பாகப் பரவியிருக்கிறது. கேமராவின் கதை முடிந்ததா?

பதில்: இல்லை. உடைந்தது திரை மட்டுமே. அந்தக் கறுப்பு, இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே இருந்த திரவப் படிகம் இடம் மாறியதால் வந்தது. படம் எடுத்துக் கார்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள், படங்கள் நன்றாகவே இருக்கும். லென்ஸோடு ஒப்பிட்டால் திரை மாற்றுவது எளிய வேலை. அதுவரை கண்ணாடிச் சில்லு கையில் ஏறாமலிருக்க அதன் மேல் ஒட்டும் டேப் ஒன்றை ஒட்டிவையுங்கள்.

கேள்வி: என் தம்பி செல்போன் பழுதுபார்க்கிறான். சிறிய திருப்புளிகள் எல்லாம் வைத்திருக்கிறான். நாங்களே திறக்கலாமா?

பதில்: கேமராவில் ஃபிளாஷ் இருக்கிறதல்லவா? அதற்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டில் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் நெடுநேரம் தங்கியிருக்கும். பேட்டரியே 3.7 வோல்ட்தானே என்ற நினைப்பில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன். விரல் நுனியில் வெள்ளைப் புள்ளியாகத் தீய்ந்த இடம் ஆறுவதற்குப் பல நாட்கள் ஆயின. செல்போனில் கிடைத்த பழக்கம் இந்த இடத்தில் உதவாது. திருப்புளியால் அதன் இரு முனைகளையும் இணைத்து மின்சாரத்தை இறக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். தீப்பொறி பறந்து பக்கத்துப் பாகங்களையும் கெடுக்கும். உங்கள் தம்பி ஆர்வமுள்ளவர் என்றால், இதை முறையாக இறக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது திறந்து கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: பேட்டரி மூடியின் கொக்கி உடைந்துவிட்டது. மூடியை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் கேமரா இயங்குகிறது.

பதில்: மூடி சரியாக அடைபட்டிருக்கிறதா என்று அறியப் பல மாடல்களில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு, அது அழுந்தாவிட்டால் கேமரா விழிக்காது. அகலமான ரப்பர் பட்டை ஒன்றைக் குறுக்கே மாட்டிவையுங்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும் கேமராக்களைப் பார்த்திருக்கிறேன். பட்டை லென்ஸை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: மணலில் விழுந்தது. அடி ஒன்றும் படவில்லை.

பதில்: அடி படாவிட்டாலும் ஆன் செய்யாதீர்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் குமிழ் ஊதியால் இடுக்குகளை ஊதி, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. மணலோடு கலந்து தேய்ப்புப் பசையாகிவிடும்.

கேள்வி: 2003-இல் வாங்கிய பழைய கேமரா. லேசாகத்தான் விழுந்தது, இப்போது படங்கள் கோடு கோடாக, ஊதா நிறத்தில் வருகின்றன.

பதில்: விழுந்ததன் மேல் மட்டும் பழியைப் போட வேண்டாம். ஒளியைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். அந்தக் காலத்து சிசிடி வகைச் சென்சார்கள் பலவற்றில் உள்ளிணைப்புக் கம்பிகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் விட்டுப்போகும் குறை இருந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் இதை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. ஏற்கெனவே தளர்ந்திருந்த இணைப்பை இந்த அடி விடுவித்திருக்கலாம்.

கேள்வி: சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பது லாபமா? உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.

பதில்: விழுந்ததால் வரும் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை; தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் கேளுங்கள். விழவில்லை என்று சொல்லிப் பயனில்லை, மூலையில் விழுந்த பள்ளமே சாட்சி சொல்லிவிடும். அதைவிட, எந்தப் பக்கமாக விழுந்தது, அப்போது லென்ஸ் நீட்டியிருந்ததா என்று உள்ளபடி சொன்னால் தேடும் நேரம் மிச்சமாகும். பல இடங்களில் லென்ஸின் உள்பாகத்தைச் சரிசெய்வதில்லை. பெரும்பாலும் சென்சாரும் சேர்ந்த முழு லென்ஸ் தொகுதியையே மாற்றுவார்கள். கேமராவில் விலை மிகுந்த பாகமே அதுதான். ஆகவே மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மாடல் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதில் பாதியைத் தாண்டினால் நானாக இருந்தால் செலவழிக்க மாட்டேன். பெரிய சென்சாரும் நல்ல லென்ஸும் கொண்ட உயர்ரகக் காம்பாக்ட் என்றால் கணக்கு வேறு.

கேள்வி: என் கேமரா விழுந்து மூலையில் கீறல் மட்டும்தான். சோதனைக்குக் கொடுக்க வேண்டுமா? கீறலை எப்படி மறைப்பது?

பதில்: ஜூமை இரு முனைக்கும் ஓட்டி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம், ஒரு நிமிட வீடியோ, பிறகு செய்தித்தாள் சோதனை. இவை நான்கும் தேறினால் யாரிடமும் கொடுக்க வேண்டாம். கீறலையும் மறைக்காதீர்கள். அடுத்த முறை விழும்போது எது பழைய அடி, எது புதிய அடி என்று பழுதுபார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.