ராமேஸ்வரம் பக்கம் விடுமுறைக்குப் போகிறோம். சுற்றுச்சூழலுக்கு அதிகம் கெடுதல் இல்லாமல் எப்படித் திட்டமிடுவது?

சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு நாலு பேர் வருகிறீர்கள். வேன் பிடிக்கலாமா, கடற்கரை ரிசார்ட் போடலாமா, தீவுகளுக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற உச்சிப்புளி பக்கத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஆரம்பிப்பார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரும்போது முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது தண்ணீரை.

இங்கே வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி, அதுவும் வந்தால்தான் உண்டு. காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிறது. அது எட்டாத ஊர்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ரோட்டோரம் போவதை நீங்களே பார்ப்பீர்கள். தனுஷ்கோடியில் இன்னும் ஊத்துதான். மணலில் பள்ளம் தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். வேகமாக அள்ளினால் கலங்கிவிடும். கொஞ்சம் அள்ளிவிட்டு, திரும்ப ஊறட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவே நல்ல தண்ணீர் எப்படி? மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. உப்புத் தண்ணீரைவிட அதற்கு எடை குறைவு. சிரட்டையால் அள்ளுகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஆழமாக போர் போட்டு மோட்டாரில் உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் அந்த இடத்துக் கிணறுகளும் உப்புத்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

அதனால் ரூம் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" லாரியா, போரா, குழாயா என்று நேராகச் சொல்லிவிட்டால் நல்ல இடம். நீச்சல் குளம் இருந்தால் நான் போக மாட்டேன். கடலோரத்தில் வந்து நீச்சல் குளத்தில் குளிப்பது என்ன கணக்கோ! வாசலில் பச்சை இலைப் படம் போட்டு 'எகோ' என்று எழுதியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாதாரண லாட்ஜில் வாளி வைத்துக் குளித்து, துண்டைத் தினமும் மாற்றச் சொல்லாமல் இருந்தாலே பெரிய விஷயம். பாட்டில் விஷயத்துக்கு, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பெரிய கேனும் போதும். கேன் தண்ணீர் எங்கும் கிடைக்கும்.

வேன் வேண்டாம். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகிறது. எழும்பூரில் ராத்திரி ஏறினால் காலையில் கடல் மேல் விழிக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஊருக்குள் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ. தனுஷ்கோடிக்கும் பஸ் உண்டு. லீவு நாளில் தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனையில் கார்கள் வரிசை கட்டி, ஏசிக்காக இன்ஜினை அணைக்காமல் நிற்பதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். அங்கே குளிக்கக் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. மணலில் வண்டியை இறக்கவே கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட ஏறுகிற கரை அது.

தீவு விஷயத்துக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையே கூட்டிப்போகிற இடத்தைத் தவிர வேறெதிலும் கால் வைக்க ஆசைப்படாதீர்கள். "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். பவளம் 2001-லேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. கடைத்தெருவில் யாராவது வெள்ளைப் பூப்போல ஒரு கல்லை நீட்டினால் வாங்காதீர்கள். விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்.

கடலுக்கு அடியில் இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால் பிச்சைமூப்பன்வலசைக்குப் போங்கள். வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம், எங்கள் ஊருக்குக் கிட்ட. ஆழம் குறைந்த தெளிந்த தண்ணீரில் கடல்புல் தரை தெரியும். ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்வது இந்தப் புல்லைத்தான். இறங்கினால் மணல் திட்டில் மட்டும் நில்லுங்கள், புல்லை மிதிக்காதீர்கள். வேரோடு பிடுங்கினால் அந்த இடத்தில் திரும்ப வளர நாளாகும். காற்று எழும்பினால் ஒன்றும் தெரியாது, காலையிலேயே போய்விட வேண்டும்.

இன்னொன்று காரங்காடு, தொண்டிக்குத் தெற்கே. அலையாத்திக் காட்டுக்குள் படகு, துடுப்புப் படகு எல்லாம் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊரிலேயே தங்கும். அந்த ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிற நண்டும் மீனும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. பெரிய ஓட்டலில் சிங்கி இறாலும் வஞ்சிரமும் கேட்பதை விட்டுவிட்டு, அன்றைக்கு நாட்டுப்படகில் வந்தது என்ன என்று கேளுங்கள். சூடை, காரல், ஓரா, நகரை, எது வந்ததோ அது. சினை நண்டு வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது தட்டில் பெரிய மீன் இருந்தால் அது பெரும்பாலும் எங்கிருந்தோ ஐஸில் வந்தது. வாங்கிப் போக கீழக்கரை தொதல் இனிப்பும், பனங்கருப்பட்டியும், ஓலைப்பெட்டியும் இருக்கின்றன. சம்பலுக்கு முண்டு மிளகாய். வேறென்ன?

கோயிலுக்குப் போகிறவர்கள் மனம் வருந்தக் கூடாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியைக் கடலில் விடுவது வேண்டாம். தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் இதே கதைதான். பாலியஸ்டர் சேலை கரையாது. ஆமையிலும் வலையிலும் அதுதான் சுற்றிக்கொள்கிறது. ஈரத்துணியை ஒரு பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோங்கள்.

எப்போது வருவது? பள்ளி லீவு மே மாதம்தான் என்பது தெரியும். ஆனால் அப்போது ஊத்தும் வற்றியிருக்கும், கண்மாயும் காய்ந்திருக்கும், வெயிலும் தாங்காது. பொங்கல் லீவில் வந்தால் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்களில் பறவைகள் இருக்கும், தனுஷ்கோடிச் சேற்றுப் பரப்பில் பூநாரைகளும் இருக்கும். ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரில் தை அமாவாசை என்றைக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வருகிற கூட்டத்தை ஊரே தாங்காது.