ஆளில்லாத துருவப் பகுதியில் மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் யார் பெயர் வைக்கிறார்கள்?

அண்டார்டிகாவில் நிரந்தரக் குடிமக்கள் இல்லை. ஆனாலும் வரைபடத்தைத் திறந்தால் மலைக்கும் பனியாற்றுக்கும் சின்னப் பாறைத் தீவுக்கும்கூடப் பெயர் இருக்கிறது. இதையெல்லாம் யார் வைத்தார்கள், அந்த இடங்களை எப்படி அளந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். துருவ வரைபடங்களைப் பல வருடங்களாக ஆசையோடு பார்த்து வருகிறேன். ஒரு பனியாற்றின் பெயர் கண்ணில் பட்டால், அது எப்படி அங்கே வந்தது என்று தேடிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அதிகாரம். அண்டார்டிகாவில் ஏழு நாடுகள் நிலத்துக்கு உரிமை கோரியிருக்கின்றன. 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம் அந்த உரிமைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்த நிலையிலேயே நிறுத்தி வைத்தது. நிலம் யாருடையது என்பதே முடிவாகாத இடத்தில், பெயர் வைக்க மட்டும் ஒரே ஒரு அலுவலகம் எப்படி இருக்கும்? ஆகவே ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பெயர்க்குழு வைத்துக்கொண்டது. பிரிட்டனின் குழு 1945-இல் வந்தது. அமெரிக்காவில் புவியியல் பெயர் வாரியத்துக்குக் கீழே ஒரு ஆலோசனைக் குழு. பல்கேரியா 1994-இல் தொடங்கி, லிவிங்ஸ்டன் தீவிலும் சுற்று வட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான பெயர்களை வைத்துவிட்டது.

இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்து வைப்பது ஸ்கார் என்ற சர்வதேச அண்டார்டிக் ஆய்வுக் குழு. அது தானாகப் பெயர் வைப்பதில்லை. நாடுகள் அனுப்புவதைத் தொகுக்கிறது. அந்தப் பட்டியலில் சுமார் 20,000 இடங்களுக்கு 39,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. சராசரியாக ஒரு இடத்துக்கு இரண்டு பெயர்! கிங் ஜார்ஜ் தீவு என்று பிரிட்டிஷ் வரைபடம் சொல்வதை அர்ஜென்டினா 'மே 25 தீவு' என்கிறது. ரஷ்ய வரைபடத்தில் அதே தீவு வாட்டர்லூ. இனிமேல் வைப்பதாவது ஒரு இடத்துக்கு ஒரு பெயராக இருக்கட்டும் என்று ஸ்கார் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீட்பு விமானம் தேடிப் போகும் நேரத்தில் இரண்டு குழுக்கள் ஒரே தீவை இரண்டு பெயரால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால், இது வெறும் ஒழுங்குக்கான விதி இல்லை என்பது புரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சமரசம் 1964-இல் நடந்தது. தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தை பிரிட்டன் கிரஹாம் லேண்ட் என்றும், அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியில் முழு நிலத்துக்கும் அண்டார்டிக் தீபகற்பம் என்ற பொதுப்பெயர். அதன் வடபகுதி கிரஹாம் லேண்ட், தென்பகுதி பால்மர் லேண்ட் என்று முடித்துக்கொண்டார்கள். சிலியும் அர்ஜென்டினாவும் இன்றும் அதற்குத் தங்கள் விடுதலை வீரர்களின் பெயர்களையே வைத்திருக்கின்றன.

சரி, எப்படிப்பட்ட பெயர் வைக்கலாம்? அமெரிக்கக் குழுவின் விதி கறாரானது. இடத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று படியாகப் பிரித்து, அந்த மனிதர் செய்த வேலையின் கனத்துக்கு ஏற்ற படியில்தான் பெயர் வைக்க வேண்டும். நண்பர், உறவினர் என்பதற்காக வைக்கக் கூடாது. விற்பனைப் பொருள், செல்லப்பிராணி, பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய் ஆகியவற்றின் பெயரும் கூடாது. (நாய்கள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அவை இல்லாமல் பாதி வரைபடம் உருவாகியிருக்காது.)

பிரிட்டிஷ் குழு வேறு ஒரு வழியைப் பிடித்தது: ஒரு வட்டாரத்துக்கு ஒரு கருப்பொருள். அலெக்சாண்டர் தீவில் இசையமைப்பாளர்கள். பீத்தோவன் தீபகற்பம், பாக் பனித்தட்டு, மோட்சார்ட் பனிச்சமவெளி என்று எல்லோரும் ஒரே தீவில் இருப்பார்கள். இதைவிட என்னைத் தொட்டது கிரஹாம் கடற்கரை. அங்கே ஒரு பனியாறு, ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை, ஆரஞ்சைச் சோதித்துப் பார்த்த ஜேம்ஸ் லிண்டின் பெயரில் இருக்கிறது. இன்னொன்று 'வைட்டமின்' என்ற சொல்லை உருவாக்கிய காசிமிர் ஃபங்கின் பெயரில். ஒரு முனைக்கு, சாப்பாட்டை மாற்றியே ஜப்பானியக் கடற்படையில் பெரிபெரி நோயைத் தடுத்த மருத்துவர் தகாகியின் பெயர். இவர்கள் யாரும் அண்டார்டிகாவைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் பனியில் மாதக்கணக்கில் நடந்தவர்களைக் கொன்றதில் ஸ்கர்விக்கும் பங்கு உண்டு. அதுபோன்ற சத்துக்குறை நோய்களைப் புரிந்துகொள்ளவும் தடுக்கவும் வழி கண்டவர்களுக்கு அந்தப் பனியிலேயே இடம் கொடுத்தது சரியான நன்றிக்கடன் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பெயர் வைப்பது சுலபம், அது எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்று அளப்பதுதான் கஷ்டம்.

பழைய முறையில் சூரியனையோ நட்சத்திரத்தையோ கருவியால் பார்த்து, துல்லியமான கடிகாரத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டார்கள். கடிகாரம் 4 நொடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, தள்ளிப்போகும். 70 பாகை அட்சரேகையில் அது 600 மீட்டருக்கும் மேல். கைவிரல் விறைத்துப்போகும் குளிரில், பல மாதம் சரிபார்க்கப்படாத கடிகாரத்தோடு இதைச் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

விமானம் வந்ததும் எல்லாம் எளிதாகிவிடும் என்று நம்பினார்கள். 1938-39-இல் ஒரு ஜெர்மன் குழு கப்பலிலிருந்து இரண்டு கடல் விமானங்களை ஏவி 11,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. 1946-47-இல் அமெரிக்கக் கடற்படை சுமார் 70,000 படங்கள் எடுத்தது. இரண்டிலும் ஒரே குறை: படத்தில் தெரியும் மலை பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்று சொல்ல, தரையில் அளந்த புள்ளிகள் போதவில்லை. தரைப்புள்ளி இல்லாத வான்படம், முகவரி எழுதாத கடிதம் மாதிரி. அடுத்த வருடமே அமெரிக்கர்கள் ஹெலிகாப்டர்களோடு திரும்பிப் போய், கடற்கரைப் பாறைகளில் ஒவ்வொன்றாக இறங்கி அளக்க வேண்டியிருந்தது.

அந்த ஜெர்மன் பயணத்தில் ஒரு விமானி பனிக்கு நடுவே பனியில்லாத பாறை நிலத்தைக் கண்டார். அவர் பெயரால் அது ஷிர்மாகர் சோலை. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் 1989 முதல் அங்கேதான் இருக்கிறது. நிலையத்துக்குத் தண்ணீர் தரும் ஏரியை இந்திய ஆய்வாளர்கள் பிரியதர்ஷினி என்கிறார்கள். ஸுப் ஏரி என்ற பெயரும் அதற்கு உண்டு.

இப்போது செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படமெடுக்கிறது. நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வது போல, அந்த இரண்டு படங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். 2018-இல் வெளியான ரேமா என்ற உயர வரைபடம், கிட்டத்தட்ட முழுக் கண்டத்தையும் 8 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுகிறது. உயரங்களும் இப்படி மெல்ல மெல்லத் திருந்தியிருக்கின்றன. கண்டத்தின் மிக உயர்ந்த வின்சன் மலையை முதலில் 5,140 மீட்டர் என்றார்கள். 2004-இல் உச்சியிலேயே ஜிபிஎஸ் வைத்து அளந்தபோது 4,892 வந்தது. பனிக்கு அடியில் இருப்பதை ரேடார் அலைகளாலும் நில அதிர்வு முறையாலும் அறிகிறார்கள். 1958-இல் சோவியத் குழு அப்படித்தான் ஒரு முழு மலைத்தொடரையே கண்டுபிடித்து, புவி இயற்பியலாளர் கம்பூர்ட்செவின் பெயரை வைத்தது. அந்த மலைகளை இதுவரை எந்த மனிதரும் கண்ணால் கண்டதில்லை.

கண்ணால் கண்டதையும் நம்ப முடியாது என்பது வடதுருவத்தின் பாடம். 1818-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ், வடகனடாவில் உள்ள லங்காஸ்டர் நீரிணையில் மலைகள் வழியை அடைத்து நிற்பதாகக் கண்டு, குரோக்கர் மலைகள் என்று பெயரிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வருடம் எட்வர்ட் பாரி என்ற இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி அந்த மலைகளின் ஊடாகவே கப்பலை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே கடல்தான் இருந்தது. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று படியும்போது ஒளி வளைந்து, தொலைவில் இருக்கும் பனியை மலைத்தொடராக உயர்த்திக் காட்டும். நம் கானல் நீருக்கு அண்ணன் முறை. 1906-இல் அமெரிக்கத் துருவப் பயணி பியரி பார்த்ததாகச் சொன்ன 'குரோக்கர் நிலம்' என்பதும், பின்னால் தேடிப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு குரோக்கர்கள்.

பியரியின் இன்னொரு பிழை இதைவிடக் கனமானது. 1892-இல் கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஒரு குன்றின் மேல் நின்று பார்த்தவர், நிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிச் செல்லும் நீரிணை ஒன்று இருப்பதாக நம்பினார். வரைபடத்தில் அது பியரி நீரிணை ஆனது. 1907-இல் டென்மார்க் குழு ஒன்று அந்தக் கரையை அளக்கப் போனது. கரை, வரைபடத்தில் இருந்ததைவிட வெகுதூரம் கிழக்கே நீண்டுகொண்டே போனது. குழுத் தலைவர் மிலியுஸ்-எரிக்சன், வரைபடம் வரைந்த ஹேகன், கிரீன்லாந்துக்காரரான ப்ரன்லுண்ட் மூவரும் மேற்கே உள்ளே சென்று, நீரிணை என்று ஒன்று இல்லவே இல்லை என்று கண்டார்கள். ஆனால் கோடை வந்து பனி இளகியது. திரும்ப வழி அடைபட்டது. மூவரும் திரும்பி வரவே இல்லை. கடைசியாக உயிரோடு இருந்த ப்ரன்லுண்ட், உறைந்த கால்களோடு, தேயும் நிலவின் வெளிச்சத்தில் உணவுக் கிடங்கு வரை வந்து சேர்ந்து, நாட்குறிப்பில் நடந்ததை எழுதிவிட்டு இறந்தார். அடுத்த மார்ச்சில் அவரைக் கண்டெடுத்தபோது, அருகில் ஒரு போத்தலில் ஹேகன் வரைந்த வரைபடங்கள் பத்திரமாக இருந்தன.

இதை எப்போது படித்தாலும் என்னால் உடனே வேறு வேலைக்குப் போக முடிவதில்லை. சாகப் போகிற மனிதர் மிச்சமிருந்த பலத்தில் சுமந்து வந்தது நண்பனின் அளவுகளை. இன்று அந்தப் பகுதியில் மூவருக்கும் பெயர் இருக்கிறது: மிலியுஸ்-எரிக்சன் நிலம், ஹேகன் ஃபியோர்டு, ப்ரன்லுண்ட் ஃபியோர்டு (ஃபியோர்டு என்றால் நிலத்துக்குள் நீளமாகப் புகும் குறுகிய கடல்). இவை குழு அறையில் உட்கார்ந்து கொடுத்த கௌரவம் மட்டும் இல்லை, நடந்து சம்பாதித்தவை.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஆர்க்டிக்கின் பெரும்பகுதி ஆளில்லாத இடம் அல்ல. இனூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலம் அது. அங்கே பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. அவர்களுடைய பெயர்களில் பலவும் இடத்தில் என்ன கிடைக்கும், எப்படி இருக்கும் என்பதைச் சொல்பவை. கனடாவில் ஃப்ரோபிஷர் பே என்ற ஊர் 1987-இல் இக்கலுயிட் என்ற தன் பெயரை மீட்டுக்கொண்டது. மீன் நிறைந்த இடம் என்று பொருள். பிரிட்டிஷ் கடற்பயணி ஃபிராங்க்ளினின் காணாமல் போன கப்பல்களில் ஒன்று உக்யுலிக் என்ற பகுதியில் மூழ்கியது என்று இனூயிட் பெரியவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார்கள். தாடி சீல்கள் உள்ள இடம் என்று அதற்கு அர்த்தம். 2014-இல் எரிபஸ் கப்பல் அந்தப் பகுதியின் கடலடியில்தான் கிடைத்தது. பிரிட்டிஷ் வரைபடங்களில் அமைச்சர்களின் பெயர்கள் நிறைந்திருந்தபோது, சரியான முகவரி இவர்களிடம் இருந்தது.

கடைசியாக, நிலம் என்று நினைத்தது நிலமே இல்லாமல் போகும் கதை. 1978-இல் டென்மார்க் அளவையாளர்கள் கிரீன்லாந்தின் வட முனைக்கு அப்பால் ஒரு சின்னச் சரளைத் திட்டைக் கண்டு, உலகின் வடகோடித் தீவு என்று ஊடாக் எனப் பெயரிட்டார்கள். 1909-இல் பியரியோடு துருவப் பயணம் போன இனூயிட் வேட்டைக்காரரின் பெயர் அது. பிறகு அந்தத் திட்டு காணாமல் போனது. 2021-இல் அதைத் தேடிப் போனவர்கள் இன்னொரு திட்டைக் கண்டார்கள். 2022-இல் மறுபடி போய் ஆழம் பார்த்தபோது, அங்கே சொல்லப்பட்ட தீவுகள் எல்லாமே கடலடியில் தரைதட்டி நின்ற பனிப்பாறைகள், மேலே சரளை படிந்தவை, என்று தெரிந்தது.

ஆக, இல்லாத நீரிணையை வரைந்த பியரிக்கு கிரீன்லாந்தின் வடகோடி முழுவதும் 'பியரி லேண்ட்' என்று இருக்கிறது. அவரோடு நடந்த ஊடாக்குக்குக் கொடுத்த தீவு பனிக்கட்டியாகக் கரைந்துவிட்டது. எந்தக் குழுவிடமாவது ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால், அந்தக் கரையிலேயே, தரைப்புள்ளி வைத்து அளந்த, நகராத ஒரு பாறைக்கு ஊடாக்கின் பெயரைக் கேட்பேன்.